செதில்

டோக்கனில் பதினேழு என்று இருந்தது. எட்டாம் பலகையில் இப்போது உட்கார்ந்திருப்பது பதினொன்று. ஒரு தலைக்கு நான்கு நிமிடம், குழந்தை என்றால் அழுது புரண்டு ஆறு ஏழு ஆகும், ஆக இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது என்று பூமிநாதன் கணக்குப் போட்டான். போட்டு முடித்ததும் எங்கேயோ தப்பு என்று தோன்றி முதலிலிருந்து போட்டான். மலையடிவாரத்து முடிக் கொட்டகையில் தகரக் கூரையின் சூடு நேராக உச்சந்தலையில் இறங்கியது. டெட்டால் வாசமும் ஈர முடி வாசமும் கலந்து மூக்கில் ஏறின. கால்விரல்களுக்கு நடுவே யாருடைய முடியோ ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. அரைமணி நேரத்தில் முடி போய்விடும். முடி போனால் தலை தெரியும். தலை தெரிந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் சைக்கிள் செயின் கழன்றதுபோல யோசனை அந்த இடத்தில் விழுந்தது. குனிந்து அதை மாட்டி மறுபடியும் மிதித்தான், மறுபடியும் அங்கேயே விழுந்தது. முடிக்கு அடியில் மூன்று வருடமாக இருக்கிறது. நெற்றிக்கு மேலே இரண்டு விரல் தள்ளி ஒன்று, இடது காதுக்குப் பின்னால் ஒன்று, பிடரியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று. சிவந்து தடித்த தோல், அதன்மேல் மெழுகு உரிந்த மாதிரி வெள்ளைச் செதில். முடியை இப்படிச் சீவினால் முன்னால் இருப்பது மறையும், கொஞ்சம் நீளமாக விட்டால் பிடரி மறையும். கறுப்புச் சட்டை போட்டு மூன்று வருடம் ஆயிற்று. கருநீலமும் கூடாது. வெள்ளை, சந்தனம், வெளிர்நீலம், இந்த மூன்றில்தான் அவன் ஆள்களுக்கு நடுவே போய் வந்தான். அறைத்தோழர்கள், இவனுக்குப் பெரிய ஆபீசர் நினைப்பு, இப்பவே வெள்ளைச் சட்டை பழகுறான் என்றார்கள். அவனும் சிரித்தான். சிரித்தபடியே தோளைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்று அழகுவேல் வந்து நின்றான். ஆவணியில் தங்கை பொன்மலரைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். டூவீலர் ஷோரூமில் மெக்கானிக், நகக்கண்ணில் கிரீஸ், வாய் நிறையச் சிரிப்பு. கையில் போனைத் தயாராக வைத்திருந்தான். "நீங்க உக்காந்ததுல இருந்து கடைசி முடி விழுகுற வரைக்கும் வீடியோ எடுத்துரலாம். எங்க மாமா, சித்தி, எல்லாருக்கும் அனுப்பணும். கவர்மெண்டு மச்சான் மொட்டை போட்ட கதைன்னு." வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பான். ஏன் என்பதற்கு ஒரு பதில் வேண்டும். "கூச்சமா இருக்கு மாப்ள" என்றான் பூமிநாதன். "மொட்டைக்குப் போயி கூச்சமா? கல்யாணத்தன்னைக்கி என்னய என்ன பாடு படுத்தப் போறீங்கன்னு தெரியல, இன்னைக்கி உங்கள விடுறதா இல்ல" என்று அவன் இன்னும் ஓரடி நெருங்கி நின்றான். நல்லவன். அதுதான் தொல்லை. கெட்டவன் என்றால் ஒரு அதட்டுப் போட்டு விரட்டலாம். இந்த நல்லவனுடைய அம்மா ராக்கம்மா அடிவாரத்து மண்டபத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், பொண்ணு வீட்டில் வேறு ஏதாவது வியாதி வெக்கை உண்டா என்று சம்பந்தம் பேசிய அன்றைக்கே நேராகக் கேட்டவள். இல்லம்மா என்றாள் அம்மா. பூமிநாதனும் அங்கேதான் இருந்தான். அவனும் வாயைத் திறக்கவில்லை. இப்போது அண்ணன் தலையில் அது தெரிந்தால், ராக்கம்மா முதலில் கேட்கப்போவது, உங்கப்பாவுக்கும் இருந்ததாமே என்பதுதான். அடுத்தது பொன்மலரின் கையை, காலை, முதுகைப் பார்ப்பாள். பொன்மலர் ஒன்றும் புரியாமல் நிற்பாள்.

பன்னிரண்டு உட்கார்ந்தது. ஒரு வயதுப் பெண் குழந்தை, தாய்மாமன் மடியில். சவரம் செய்கிறவர் பிளேடை இரண்டாக உடைத்துப் பாதியைக் கத்தியில் செருகினார். தண்ணீரைத் தெளித்துத் தேய்த்தார். குழந்தை கொட்டகையே அதிரக் கத்தியது. கத்தி உச்சியிலிருந்து நெற்றிக்கு ஒரே இழுப்பில் வந்தபோது பூமிநாதனுக்குத் தன் தலையில் அந்த இழுப்பு ஓடியது. கீறல் விழக் கூடாது. தோல் பிரிவு டாக்டரம்மா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள், காயம் பட்ட இடத்தில் இது புதுசா முளைக்கும், சொறியாதே, உரிக்காதே, சூடாகத் தண்ணீர் ஊற்றாதே, ஷேவ் பண்ணும்போது பார்த்துப் பண்ணு. தலையை மழித்துக்கொள்ளாதே என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் நூற்று இருபதாவது ஆளாக உட்கார்ந்திருந்தவனிடம் மூன்று நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியுமா. ஆனாலும் நன்றாகவே சொன்னாள். உடம்பில் கிருமியை எதிர்க்கிற சக்தி ஆள் தெரியாமல் உன் தோலையே அடிக்குது. ஒரு மாசத்தில் மேலே வர வேண்டிய தோல் நாலு நாளில் வந்துடுது, அதான் அடுக்கடுக்கா உதிருது. பேரு சொரியாசிஸ். யாருக்கும் ஒட்டாது. உன்னை விட்டும் போகாது. அடக்கி வைக்கலாம். இதைச் சொல்லிவிட்டுப் பேனாவைச் சீட்டின்மேல் வைத்தபடி, வீட்டில யாருக்காவது இருக்கா, என்று கேட்டாள். இல்லை என்றான். அப்பாவுக்கு? இல்லை. பேனா இல்லை என்று எழுதியது. அந்தச் சீட்டு இன்றைக்கும் அவன் சட்டைப் பையில் நாலாக மடித்து இருக்கிறது, யாராவது ஒட்டுமா என்று கேட்டால் எடுத்துக் காட்ட. காட்டுகிற சீட்டிலேயே பொய் இருக்கிறது.

அப்பா தவசிக்கு உடம்பெல்லாம் இருந்தது. ஊரில் தவசி என்று அவரைக் கூப்பிட்டவர்கள் குறைவு. செதிலு என்றார்கள். ஏ செதிலு, கிணத்து மண்ணு அள்ள வர்றியா. டீக்கடையில் அவருக்குத் தனியாக ஒரு டம்ளர், கூரைச் செருகலில் இருக்கும், குடித்துவிட்டு அவரே கழுவி அங்கேயே செருக வேண்டும். வீட்டிலும் தட்டு தனி. அம்மா தனியாக வைத்தாளா, அவராகவே தனியாக வைத்துக்கொண்டாரா என்று பூமிநாதனுக்கு இன்றுவரை தெரியாது. அம்மா அதைச் சூட்டு உடம்பு என்பாள். சூட்டு உடம்பு என்றால் என்ன என்று கேட்டதற்கு, சூடுன்னா சூடுதான், போய்ப் படி என்றாள். படித்தான். குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். முதல் பட்டதாரி என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழுக்காகத்தான் அப்பாவும் அவனும் ஒன்றாகக் கடைசியாக வெளியே போனது. அப்பா முழுக்கைச் சட்டை போட்டுப் பித்தானை மணிக்கட்டு வரைக்கும் மாட்டிக்கொண்டு, அலுவலகத்துக்கு வெளியே புளியமரத்தடியிலேயே நின்றுகொண்டார். நீ போய்யா, நான் உள்ள வந்தா நாற்காலிய மாத்துவாங்ய என்றார். அவன் போனான். உள்ளே போனதும் ஒரு நிம்மதி வந்தது. அப்பா கூட வரவில்லையே என்ற நிம்மதி. பதினேழு வயதில் அவன் அடைந்த அந்த நிம்மதியை மருந்துக் கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில் எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பான். ஒவ்வொரு தடவையும் புதிதாகவே இருக்கும்.

பதிமூன்று, பதினான்கு. இருவரும் அண்ணன் தம்பிகள் போல, ஒருவர் மொட்டையை ஒருவர் தடவிச் சிரித்தார்கள். அந்தச் சான்றிதழ் வாங்கிய வருடமே சந்தையில் ஒருவர் வந்து அப்பாவுக்கு ஊசி போட்டார். எல்லாத் தோல் வியாதிக்கும் ஒரே ஊசி. ஒரு வாரத்தில் அப்பாவின் முழங்கை கழுவிவிட்ட மாதிரி ஆயிற்று. அப்பா அரைக்கைச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டார். ஆறு மாதம் போட்டபிறகு ஊசிக்காரர் ஒரு சந்தைக்கு வரவில்லை, அடுத்த சந்தைக்கும் வரவில்லை. ஊசி நின்றதும் தலையிலிருந்து கால்வரை ஒரே சிவப்பு. சித்திரை வெயிலில் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார். நாலு நாள்தான் இருந்தார். ஊரில் சாமி குத்தம் என்றார்கள். அது சாமி குத்தமில்லை, ஊசியைத் திடீரென்று நிறுத்தியது என்பது பூமிநாதனுக்குத் தெரிந்தபோது, தானும் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய களிம்பை ஒரு வருடமாகத் தலையில் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்த்தால் அடங்கும், விட்டால் இரண்டு மடங்காக வரும். அந்தப் பயத்தில்தான் ஆஸ்பத்திரிக்கே போனான். இப்போது ஒழுங்காக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை, வாரத்துக்கு ஒரு நாள்தான், மறந்தும் மறுநாள் போடக் கூடாது என்று காலண்டரில் பென்சிலால் சுழித்து வைத்திருக்கிறான். டாக்டரம்மா சொல்கிற போதெல்லாம் ரத்தம் கொடுத்து ஈரல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தார் வாசம் அடிக்கிற ஷாம்பு. முழங்கையில் இருந்தது முக்கால்வாசி ஆறிவிட்டது. தலைதான் அடம்பிடிக்கிறது. பரீட்சை முடிவு வருகிற மாதம் கூடும், வந்தபிறகு குறையும். வேலைக்கு உத்தரவு வந்ததும் குறைந்தது. அம்மா போன் பண்ணி வேண்டுதல் பாக்கி இருக்கு, மொட்டை போடணும் என்றதும் கூடிவிட்டது. பூமுடி குடுத்துக்கலாம்மா, மூணு கொத்து நறுக்குனாப் போதும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். வேண்டுனது வேண்டுனதுதான் என்றாள். என்ன வேண்டினாய் என்று அவன் கேட்கவில்லை. நிறைவேற்றுகிற வரைக்கும் வேண்டுதலை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது. வேலைக்காகத்தான் இருக்கும், வேறென்ன.

பதினைந்து. "மாப்ள, ஒரு சோடா வாங்கிட்டு வர்றீங்களா, தலை சுத்துற மாதிரி இருக்கு" என்றான். பொய்யில்லை, சுற்றியது. அழகுவேல் போனை அவன் கையில் திணித்து, "பதினேழக் கூப்புட்டா உக்காந்துராதீங்க, நான் வந்துருவேன்" என்று ஓடினான். சோடாக் கடை படிக்கட்டுக்கு அந்தப் பக்கம், கூட்டம் இருக்கும், இருக்க வேண்டும். பதினாறு என்று கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். பதினாறாம் எண்ணுக்குரியவர் எங்கேயோ காபி குடித்துக்கொண்டிருந்தார். "பதினேழு!" பூமிநாதனின் கால்கள் போய்விட்டன, அவன் பின்னாலேயே போனான். ஈரப் பலகையில் உட்கார்ந்து குனிந்தான். தண்ணீர் விழுந்தது. விரல்கள் உச்சியில் தொடங்கி முன்னால் வந்தன. முதல் திட்டில் நின்றன. அதைக் கடந்து போய்க் காதுக்குப் பின்னால் நின்றன. பிடரியில் நின்றன. இதோ எழுந்து நின்று கத்தப் போகிறார், கத்தியைக் கழுவப் போகிறார், இந்தத் தலைய நான் தொட மாட்டேன், பெரிய டாக்டர்கிட்டப் போ என்று எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி. "அண்ணே" என்றான் தொண்டைக்குள்ளேயே. "இது ஒட்டாதுண்ணே. பையில டாக்டர் சீட்டு இருக்கு." அவர் பிளேடை உடைத்தார். "ஒங்கிட்ட நான் சீட்டா கேட்டேன்?" என்றார். "நீ மூச்ச விடு மொதல்ல. கழுத்து கல்லு மாதிரி இருக்கு. இருக்குற எடத்துல அழுத்த மாட்டேன், சும்மா மேலாப்புல போயிருவேன். ஒங்கம்மா வெள்ளனயே வந்து சொல்லிட்டுத்தான் போச்சு."

அவனுக்கு விளங்கவில்லை. "எங்கம்மாவா?" "பச்சச் சேல, பல்லு கொஞ்சம் எடுப்பா இருக்கும்ல? எட்டாம் பலகைதான் வேணும்னு டோக்கன் குடுக்குற எடத்துல சண்ட. அப்பறம் எங்கிட்ட வந்து, என் மகன் வருவான், தலையில படை இருக்கு, கத்தி படாம எறக்குங்க, கூட்டத்துல சத்தம் போட்றாதீங்கன்னு கையப் புடிச்சுக்கிருச்சு. குனி, குனி." முடி கொத்தாக மடியில் விழுந்தது. அதில் வெள்ளையாக ஒட்டியிருந்ததை அவன் பார்த்தான். கத்தி போன இடமெல்லாம் காற்று பட்டுக் குளிர்ந்தது. இத்தனை நாளாக மூடியிருந்த வீட்டின் கதவைத் திறந்துவிட்ட மாதிரி என்று சொல்ல ஆசைதான், அப்படியில்லை, எரிந்தது. காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு ரத்தம் துளிர்த்தது, அவர் படிகாரத்தை வைத்து அழுத்தினார். அம்மாவுக்குத் தெரியும். எவ்வளவு தெரியும், எப்போதிருந்து தெரியும், ராக்கம்மா கேட்டபோது இல்லம்மா என்றாளே, அப்போது தெரியுமா. மூன்று வருடமாக இரண்டு பேரும் ஒரே கதவை ஆளுக்கொரு பக்கம் நின்று சாத்திப் பிடித்திருந்தோமா. "எந்திரி, முடிஞ்சது" என்றார் அவர்.

குழாயடியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். பித்தளைக் கிண்ணத்தில் சந்தனம் கரைத்து வைத்திருந்தாள், வழக்கத்தைவிடக் கெட்டியாக. அவன் குளித்துத் துவட்டினான். பிறகு, "உக்காரு" என்றாள். படியில் உட்கார்ந்தான். முதல் அள்ளு பிடரியில் விழுந்தது.

"எப்பருந்தும்மா தெரியும்?"

"நீ பொங்கலுக்கு வந்தப்ப. ரெண்டு வருசமாச்சு. தலகாணி உறைய நான்தான உதர்றேன்."

"கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா இல்லம்ப. ஒங்கப்பாவும் அப்படித்தான், மொத மொத கேட்டப்ப இல்லன்னாரு." காதுக்குப் பின்னால் அவளுடைய விரல் மெதுவாகப் போயிற்று. அந்தத் தோலை அதற்குத் தெரிந்திருந்தது.

"வேல கெடச்சதுக்குன்னு நெனச்சேன் இந்த மொட்டை."

"வேலைக்கா?" அம்மாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "வேலைக்கு நீ படிச்ச. அதுக்கு எதுக்குடா சாமி? இதுக்குத்தான் வேண்டுனேன். முடியோட சேந்து போயிரணும்னு." சந்தனத்தை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டாள். குரலைத் தாழ்த்தினாள். "முடிச்சாச்சு, இனி வாய்விட்டுச் சொல்லலாம். போயிரும்ல பூமி? நீ படிச்சவன், ஆஸ்பத்திரிக்கெல்லாம் போயிருப்ப. சொல்லு."

போயிரும்மா என்பது நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. டாக்டரம்மாவிடம், அறைத்தோழர்களிடம், சற்றுமுன் மாப்பிள்ளையிடம் சொன்னதெல்லாம் அங்கிருந்துதான் வந்தது. இன்னும் ஒன்று சொன்னால் என்ன குறைந்துவிடும். அம்மா இன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுவாள். அடுத்த பொங்கலுக்குத் தலையணை உறையை உதறும்போது, சாமியும் கைவிட்டுவிட்டது என்று நினைப்பாள். அதற்கடுத்த வருடம் சந்தையில் எவனாவது ஊசி போட வந்தால்?

"போகாதும்மா" என்றான். "மாத்திரை சாப்பிட்டா அடங்கும். விட்டா வரும். கடைசி வரைக்கும் பாத்துக்கணும். யாருக்கும் ஒட்டாது. தட்டு தனியா வைக்க வேண்டியதில்ல, அப்பாவுக்கும் வச்சிருக்க வேண்டியதில்ல."

கை நின்றுவிட்டது. சந்தனம் அவன் புருவத்தில் வழிந்து குளிர்ந்தது. அவன் துடைக்கவில்லை. கடைசியில் சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டாமோ. பின்னால் அம்மா மூச்சு விடுவது கேட்டது. அவள் அழவில்லை. வேறு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அது என்ன கணக்கு என்று, அவள் வாய் திறக்கும் முன்பே அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

"பொன்மலருக்கு?"

"வரலாம்மா. வராமலும் போகலாம். யாராலயும் சொல்ல முடியாது."

"மச்சான்!" என்று சோடா பாட்டிலோடு அழகுவேல் ஓடிவந்தான். "ஏமாத்திப்புட்டீங்களே! சோடா கேட்டு அனுப்பிட்டு அம்புட்டையும் எறக்கிட்டு வந்துட்டீங்களா? யாத்தே, என்னா அத்தை, மொத்தச் சந்தனத்தையும் அப்பிட்டீங்க? மச்சான கோயில்ல தூண்டாமணி வெளக்குப் பக்கத்துல நிறுத்திரலாம் போல. போனக் குடுங்க, போட்டோவாச்சும் எடுக்கணும். ஏ மலரு, வா வா, அண்ணன் பக்கத்துல நில்லு. அத்தை, நீங்களும்."

"மாப்ளைக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்றாள் அம்மா. குரல் எப்போதும்போல இருந்தது. அது அவளால் எப்படி முடிகிறது என்று பூமிநாதன் யோசித்தான். மண்டபத்திலிருந்து ராக்கம்மா கையை நெற்றியில் வைத்து இந்தப் பக்கம் பார்த்தாள். "நல்லா எறங்கியிருக்கா சம்பந்தி?" என்று அங்கிருந்தே கேட்டாள். "நல்லா எறங்கிருச்சு" என்று அம்மாவும் இங்கிருந்தே கத்திச் சொன்னாள்.

பொன்மலர் புதுத் தாவணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரத்தில் தாவித் தாவி வந்தாள். அண்ணன் தலையைப் பார்த்ததும் வாயைப் பொத்திச் சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் அம்மாவின் தோளில் சாய்ந்தாள். "இங்க பாருங்க, எல்லாரும் இங்க பாருங்க" என்றான் அழகுவேல். பொன்மலர் நிமிர்ந்து நின்று, தலையில் வைத்திருந்த கனகாம்பரச் சரத்துக்குக் கீழே, காதோரம், இரண்டு விரலை விட்டுச் சொறிந்துகொண்டாள். காம்பு குத்தியிருக்கும். வியர்வையாகவும் இருக்கும். அவள் கையை எடுத்துவிட்டுப் போனைப் பார்த்துச் சிரித்தாள்.

பூமிநாதன் போனைப் பார்க்கவில்லை. அம்மாவும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் அந்தக் காதோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.